இருவர் பெயரில் ஓர் அனுமதி

பிப்ரவரியில் விண்ணப்பித்தபோது
நாங்கள் கணவன் மனைவி.
அக்டோபரில் இல்லை.
சீட்டில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது:
டோரி, ராய்ஸ், மூன்று இரவு, ஒரு கூடாரம்.

பெயரை மாற்றலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.
பள்ளத்தாக்கின் அடியில், அந்த ஊர்க்காரர்களின் அலுவலகத்தில்
வெர்னா என்றொருத்தி எடுத்தாள்.
பின்னால் நாய் குரைத்தது,
யாரோ ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
"மாற்ற முடியாது. பணமும் திரும்பாது.
வருகிறீர்களா இல்லையா?"
நான் யோசிக்கிற சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
"ஆகஸ்ட் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது,
புதுப் பலகை போட்டிருக்கிறோம்.
ஒருவர் பின் ஒருவராக நடங்கள்,
சேர்ந்து வேண்டாம்" என்றாள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை, டயர் கடையைப் பூட்டிய பிறகு
கிங்மனில் என் சமையலறை மேசை மேல்
மாவு நிறுக்கும் சின்னத் தராசு.
ராய்ஸ் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான்.
பதினோரு வருடத்தில்
ஒரு நாளும் கழற்றியதில்லை.

அடுப்பு மூன்று அவுன்ஸ்.
அவன் காப்பிப் பொடி பதினாறு.
"பாதியாவது குறை" என்றேன்.
"நீ புத்தகத்தை விடு" என்றான்.
பல்துலக்கியின் காம்பை ரம்பத்தால் அறுத்தோம்,
அதில் மிச்சமானது ஒரு பொத்தான் எடை.
அதற்கு இருவரும் சிரித்தோம்,
உடனே நிறுத்தினோம்.

தண்ணீரில்தான் கணக்கு உதைத்தது.
மேட்டிலிருந்து கீழ்முகாம் வரை பத்து மைல் சுரம்,
வழியில் ஒரு சொட்டு கிடையாது.
தலைக்கு நான்கு லிட்டர்,
கிட்டத்தட்ட ஒன்பது பவுண்டு.
அருவி பார்க்கப் போகிறவர்கள்
முதுகில் தண்ணீர் சுமந்து போகிறோம்.
கடைசி அருவிக்கு
ஈரப் பாறையில் சங்கிலியைப் பிடித்துப்
பின்பக்கமாக இறங்க வேண்டும்.
அவன் வலது முழங்காலைப் பார்த்தேன்.
அவன் வரைபடத்தைப் பார்த்தான்.

மேசை விரிப்பு மாதிரி விரிந்து கிடந்த அதில்
நீலம் ஒரே ஓர் இழை.
சுண்ணாம்பு கரைந்த நீர், அதனால் அந்த நிறம்,
விழும் இடமெல்லாம் தனக்கே கிண்ணம் கட்டிக்கொள்ளும்
என்று எங்கோ படித்ததை அவன் சொன்னான்.
முன்பும் சொல்லியிருக்கிறான்.
முதல் தடவை போலக் கேட்டுக்கொண்டேன்.

"மழையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.
அறுபது மைல் மேலே பெய்தாலே போதும்,
நம் தலைமேல் வானம் பளிச்சென்று இருக்கும்போதே
வெள்ளம் வந்துவிடும்" என்றான்.
சற்றுப் பொறுத்து,
"இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே."
நான் ஒன்றும் சொல்லவில்லையே.

கடைசியில் கூடாரம்.
தனியாக இன்னொன்று கொண்டுவருகிறேன் என்றான்,
அண்ணனிடம் இருக்கிறதாம்.
நிறுத்துப் பார்க்காமலே தெரியும்:
நான்கு பவுண்டு கூடுதல், அவன் முழங்காலுக்கு.
வேண்டாம் என்றேன்.
எடையைச் சொன்னேன், எடையை மட்டும்.
துணி என் பையில், கம்பிகள் அவன் பையில்.
பாதி வழியில் ஒருவர் திரும்பிவிட்டால்
மற்றவரிடம் இருப்பது
துணி மட்டும், அல்லது கம்பி மட்டும்.
அதை யாரும் எழுப்பவில்லை.

அவன் லாரிதான்.
வெள்ளிக்கிழமை விடியல் இரண்டு மணி.
"ஹாரன் அடிக்காதே, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.
முன்விளக்கை ஒருமுறை அணைத்துப் போடு, போதும்."
தலையாட்டினான்.
பூட்ஸ் கயிற்றை முடிய
நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு பார்க்கிறேன்,
தராசின் அடியில் ஒரு துணிப்பை.
கூடார ஆணிகள், எட்டு.
பட்டியலில் யார் பெயருக்கு நேராகவும் இல்லை.
ஒன்று வளைந்திருந்தது.
அதை மேசை விளிம்பில் வைத்து
சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தேன்,
பக்கத்து வீட்டுக் குழந்தை
அழத் தொடங்கும்வரை.