எட்டரை அங்குலம்

பிரெஸ்டனில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
ஜன்னலைச் சாத்தினாலும் ஈரம்
விசைப்பலகை வரை வந்து எட்டிப் பார்க்கும்.
மேசைமேல், விசிறி மடிப்பாய், ஒரு கிணறு:
நாற்பதடிக் காகிதம்,
எண்பத்தாறு நவம்பர்.

விரிக்கிறேன்.
இடது ஓரத்தில் காமா.
மணற்கல்லில் அடக்கமாக இருந்துவிட்டு
களிப்பாறை வந்ததும் வலப்புறம் சாய்ந்து
கைகால் உதறும் கோடு.
அப்பால் மின்தடை, ஒலி, அடர்த்தி.
எவரும் இறங்கிப் பார்க்காத இருட்டை
கம்பியில் தொங்கிய கருவியொன்று
கீழிருந்து மேலாகத்
தடவித் தடவி எழுதிய கையெழுத்து.

ஒலியின் கோட்டை
மின்தடையின் கோட்டின்மேல் வைக்க வேண்டும்.
வெறும் களியில் இரண்டும் உரசிக்கொண்டே நடக்கும்.
கரிமம் செறிந்த இடத்தில் விலகும்.
விலகிய இடைவெளியில்தான் வாயு,
வாயுவின் பின்னாலேயே பணம்.

இரண்டாயிரத்து நூற்றுப்பத்தில் விலகின.
இருபத்தேழு மீட்டர்!
மஞ்சள் பூசினேன்.
பெவர்லி ஹால்சல் தேநீரோடு வந்து
என் தோளுக்கு மேலாகப் பார்த்து
'அடேயப்பா'வின் லங்காஷயர் வடிவத்தைச் சொன்னாள்.
வெள்ளிக்குள் எண் வேண்டும், என்றாள்.

எண் தயாராகத்தான் இருந்தது.
ஆனால் நடுவே ஒரு முள்,
எந்தப் பாறையும் பேசாத வேகத்தில்.
திரையில் பெரிதாக்கினேன்:
காபிக் கோப்பையின் வட்டம்.
முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் யாரோ வைத்த கோப்பையைப்
பாறை என்று நம்பிவிட்டது மென்பொருள்.
சிரித்துக்கொண்டே
காகிதத்தை விளக்கருகே பிடித்தேன்.
கறைக்கு அடியில் பென்சில்:

துளை மோசம். கருவி இருமுறை சிக்கியது.
ஒலியை நம்பாதீர். காலை 4.20. டி. ஆஷ்வொர்த்.

துளையின் அகலம் சொல்லும் கோட்டைப் பார்த்தேன்.
முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.
எட்டரை அங்குலமாய்த் துளைத்தது
அங்கே பதினான்கு.
சுவர் சரிந்து சேறு நிரம்பிய குழி.
வாயு என்று நான் மஞ்சள் பூசியது
சேற்றில் தடுமாறிய ஒலியை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்.
எனக்குக் கிளம்பியது
தூக்கமில்லாத ஒரு மனிதன்.
விறைத்த விரலைக் கையுறையிலிருந்து உருவி
யாரும் வாசிக்காத கட்டத்துக்குள்
நாலு வரி எழுதிவிட்டுக்
காபி ஆறுமுன் அடுத்த கிணற்றுக்குப் போனவன்.

பதினெட்டு மீட்டரை அழித்தேன்.
மிச்சம் ஒன்பது.
அங்கே சுவர் நேராக நிற்கிறது,
கோடுகள் நிஜமாகவே விலகுகின்றன.
ஒன்பது மீட்டரை நம்பி
எவனும் இந்த மேய்ச்சல் நிலத்துக்கு
லாரி அனுப்பப் போவதில்லை.

'ஒன்பதா?' என்றாள் பெவர்லி.
'ஒன்பது.'
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
கோப்பையைக் காகிதத்தில் வைக்கப் போனவள்
என் முகத்தைப் பார்த்து
கையிலேயே வைத்துக்கொண்டாள்.