புகை அட்டை

எனக்குக் கொடுத்த வேலை எளிது.
ஓர் அட்டை, அதில் ஐந்து கட்டங்கள்.
முதலாவதில் கணக்கு நோட்டைப்போல மெலிந்த கோடுகள்,
ஐந்தாவதில் வெள்ளைக்கு இடமே இல்லை.
வளைவு வரும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
புகைபோக்கிக்கு நேரே அட்டையைப் பிடித்து
எந்தக் கட்டம் ஒத்துப்போகிறதோ
அந்த எண்ணை எழுத வேண்டும்.
அரை நிமிடத்துக்கு ஒரு தரம்.

எண்பத்தாறு, ஜனவரி, மேற்கு வர்ஜீனியா.
நியூ ரிவர் கரையோரம் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாய் ஓடிக்கொண்டிருந்தது.
மை உறைகிறது என்று
எல்லோரும் பென்சிலுக்கு மாறியிருந்தோம்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
புகையாமல் நெருப்பு என்பதுதான்
லீலண்ட் ப்ரூட்டரின் நூற்று நாற்பது பக்க முன்மொழிவு.
நிலக்கரியை முதலில் வாயுவாக்கு, பிறகு எரி.
போகும் ஆவியைப் பிடித்து மறுபடி தண்ணீராக்கு.
கரி பெட்டி பெட்டியாய் வரும், கிரேன் ஏற்றும்,
குளிர்பதனப் பெட்டி அளவில் ஒரு கணினி
எவ்வளவு தின்னலாம் என்று தீக்குச் சொல்லும்.
இஞ்சினை இனிமேல்தான் செய்ய வேண்டும்.
அதுவரைக்கும், எண்கள் சேகரிக்க,
அருங்காட்சியகத்தில் இருந்த ஒன்றை எழுப்பி
உடம்பெங்கும் வயர் ஒட்டியிருந்தார்கள்,
இதய நோயாளிக்கு ஒட்டுவதுபோல.

இரண்டாம் நாளே கணினி குளிரில் விறைத்தது.
டெல்மர் வேன்ஸ் எதுவும் சொல்லாமல்
மண்வாரியை எடுத்தார்.
அவர் வாரியதையும் ஒருவன் எண்ணினான்.

சுரங்கம் மூடிய ஊர்களில் சனம் தண்டவாளத்தோரம் நின்றது.
கையசைத்தார்கள்.
ஒரு பள்ளிக்கூடம் முழுக்க வெளியே வந்திருந்தது.
‘எண்ணெயை அவர்களே குடிக்கட்டும்’ என்று
அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிப் பிடித்திருந்தான் ஒருவன்.
வேலையில்லாதவன் முகத்தில் வரும் சிரிப்பு
புகைப்படக்காரனுக்குப் பிடித்துப்போகும்.
லீலண்ட் அழுதார் என்றார்கள். நான் பார்க்கவில்லை.
நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று. ஒன்று. ஒன்றுக்கும் குறைவு.

நாற்பத்தொன்றாம் மைல்.
மேப்பிள் ஃபோர்க் தாண்டி, தனியாக ஒரு வீடு.
கொடியில் இரண்டு படுக்கை விரிப்புகள்
பலகையாய் உறைந்து நின்றன.
விசில் ஊதியது.
பின்வாசல் கதவு திறந்து ஒருத்தி ஓடிவந்தாள்,
கோட்டு இல்லை, ஒரு காலில் மட்டும் செருப்பு.
எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.
கிளிப்பைப் பிடுங்கி, மடங்க மறுத்த விரிப்பை
கதவைச் சுமப்பதுபோல் தலைக்குமேல் தூக்கி
உள்ளே போய்விட்டாள்.
இந்தத் தடத்தில் ஆவி வண்டி நின்று
முப்பது வருஷம் ஆகிறது.
அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

அட்டை ஒன்றுக்கும் குறைவு என்றது.
சத்தியமாய் அவ்வளவுதான்.
குறிப்புகள் பத்தியில் எழுதினேன்:
‘மைல் 41. துணி எடுக்கப்பட்டது.’

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள்
எங்கேயோ ஒரு பாலைவனத்தில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.
பீப்பாய் விலை பாதியாய் விழுந்தது.
ரயில் கம்பெனியிடமிருந்து மூன்று வரிக் கடிதம்.
கொதிகலனில் குறையில்லை, கணக்கில் குறையில்லை,
லீலண்ட் கடைசிவரை சொன்னது அதைத்தான்.
இஞ்சின் மறுபடி கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றது.
என் தாள் திரும்பி வந்தபோது
நாற்பத்தொன்றாம் மைலுக்கு எதிரே சிவப்புப் பென்சில்:
‘தொடர்பற்றது.’

அட்டையை நான் திருப்பித் தரவில்லை.
சமையலறை இழுப்பறையில், பேட்டரிகளுக்கு அடியில் கிடக்கிறது.
மலைக்கு அந்தப் பக்கம் மின்நிலையம்
அதே கரியைத்தான் எரிக்கிறது,
டெல்மரின் மகள் அங்கே மூன்றாம் ஷிஃப்ட்.
சில காலைகளில் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன்.
வெள்ளைக்கு வெள்ளை, ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

என் துணியை நான் எப்போதுமே
உள்ளேதான் காயப்போடுகிறேன்.