நல்ல சில்லு

விடியற்காலை மூன்றே முக்கால்.
இடுப்பில் யாரோ சிமெண்டு ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
படுத்தால் இறுகும், நடந்தால் விடும்.
ஓய்வெடு, ஓய்வெடு என்பவர்களிடம்
ஓய்வுதான் வலி என்று எப்படிச் சொல்ல?

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராம் மாடி.
லிஃப்டுக்கும் குப்பைக் குழாய்க்கும் நடுவே
நாற்பது நடை, திரும்பவும் நாற்பது.
ஏழு வருஷம் இதற்குப் பெயர்
'தொழிற்சாலை நாற்காலி.'

பாயான் லெப்பாஸில் என் வேலை
உருப்பெருக்கிக்குக் கீழே சில்லு பார்ப்பது.
பழுதைக் கழிக்க வேண்டும்.
நல்லதைக் கழித்துவிட்டால்
அதற்கொரு படிவம்,
அதில் சூப்பர்வைசர் கையெழுத்து.

டாக்டர் சுஹைலா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
ஒவ்வொரு செல்லும் இப்படித்தான்
உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துக்
காவலுக்குக் காட்டுமாம்.
பி இருபத்தேழு என்பது ஒரு வகைக் கை.
அது தப்பான துண்டை நீட்டுகிறதோ,
கையே சரியாக மடிவதில்லையோ,
அவர்களுக்குள் இன்னும் சண்டையாம்.

காவல் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.
தசைநார் எலும்பைப் பற்றும் இடமெல்லாம் போய்
தீ வைத்தது.
ஒருமுறை கண்ணிலும்.

நல்ல சில்லுதான்.
படிவம் இல்லை.

ஜெயலீலாவுக்கும் அதே கை.
ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாங்கள்.
பன்னிரண்டு வயதில் கடற்கரையில்
ஒரே தட்டில் பசெம்பூர் தின்று
இருவருக்கும் மூன்று நாள் வயிற்றுப்போக்கு.
ரத்தம் இரண்டு குழாயில் போனது,
விடை ஒன்றாகத் திரும்பியது.
போன ஞாயிறு அவள்
பாலத்தின் மேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடினாள்.

"அப்படியென்றால் ஏன் நான்?"
குடலைச் சொன்னார், அதில் குடியிருக்கும் கிருமிகளைச் சொன்னார்,
கடைசியில் 'பெலும் தாவு' என்றார்.
இன்னும் தெரியாது.
அதை மட்டும் முழுசாக நம்பினேன்.

எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகளுக்கு நடுவே
மெல்லிய வெள்ளைக் கோடு.
எரிந்த இடத்தைச் செப்பனிட வந்த எலும்பு
பாலம் கட்டுகிறதாம்.
எங்கள் ஊரில் பாலம் போய்வருவதற்கு.
இது முடிந்தால்
நான் குனிய மாட்டேன்.

குளிர்பெட்டியில் பெலாச்சானுக்குப் பக்கத்தில் ஊசி.
இரண்டு வாரத்துக்கு ஒன்று.
காவலின் காதைக் கொஞ்சம் மந்தமாக்க.
ஜெயாதான் போடுவாள்.
குத்தும்போது முகம் சுளிப்பதும் அவள்தான்.

ஆறு இருபதுக்குத் தொழிற்சாலை பஸ்.
செருப்பு வாரை நானே மாட்டினேன்,
சுவரில் ஒற்றை விரல் மட்டும் ஊன்றி.