ஹில்யாவிடம் சொல்

வியாழக்கிழமைகளில் எனக்கு நாற்காலிகளோடு வேலை.
ஐந்து மணிக்கு வாசகர் வட்டம்:
பெயருக்கேற்ப வட்டமாய்ப் போடவேண்டும்.
ஆறரைக்கு வரலாற்றுக் குழு. அவர்களுக்கு வரிசை, திரை,
கார்டன் வுவலெட்டுக்குக் காது கேட்கிற பக்கத்தில் ஓரிடம்.
எட்டுக்கு ஃபின்னிஷ் பேசிப் பழகுகிறவர்கள்:
இரண்டிரண்டாக, முகம் பார்த்து,
முழங்கால் இடிக்காத தூரத்தில்.

ஒரு கூட்டத்தின் சூடு இருக்கையில் ஆறுமுன்
அடுத்த கூட்டம் வந்து உட்காரும்.
வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்,
லிஃப்டில் பார்த்துக்கொள்வதுபோல.

ஜனவரியில் கொதிகலன் செத்தது.
சுப்பீரியர் ஏரி கரைவரைக்கும் வெள்ளைச் சிமெண்ட்.
சூடு மிச்சமிருந்தது சிறுவர் பகுதியில் மட்டும்.
மூன்று குழுவையும் ஒரே மணிக்கு வரச்சொல்லி
அங்கேயே விட்டேன், ஆமை மெத்தைகளுக்கும்
முழங்கால் உயர நாற்காலிகளுக்கும் நடுவில்.
பல் மருத்துவர் டெல்ஃபின் லாம்பி
நீல முட்டைபோல ஒரு ஸ்டூலில் இறங்கி,
எழமுடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

வரலாற்றுக் குழுவிடம் ஒரு புகைப்படம்.
செப்புச் சுரங்க வாசல். ஐந்து பேர்.
தொப்பியில் மெழுகுவர்த்தி.
இரண்டு மாதமாய் அவர்கள் சண்டையெல்லாம்
பின்னால் தெரியும் கொட்டகையைப் பற்றித்தான்:
தீ விபத்துக்கு முன்னால் கட்டியதா, பின்னாலா.
படத்தைத் திருப்பாமல் இல்லை, திருப்பினார்கள்.
பென்சில் கிறுக்கல்.
'படிக்க இயலாதது' என்று
பதிவேட்டில் ஏற்றியும் விட்டார்கள்.

ரீஸ் என்று ஒரு பையன். பதினேழு வயது.
சொந்தத்தில் ஒரு ஃபின்லாந்துக்காரரும் கிடையாது.
ஏதோ இரைச்சல் இசைக்குழு
என்னதான் கத்துகிறது என்று தெரிந்துகொள்ள
மொழி கற்க வந்தவன்.
கார்டனின் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்,
கடைச்சீட்டு வாசிப்பதுபோல:
சோப்பு. மண்ணெண்ணெய். மூன்று கஜம் நாடா.
ஹில்யாவிடம் சொல்: எய்.

எய் என்றால்?
நோ, என்றான். பிறகு தயங்கினான்.
அது வினைச்சொல்லாம். ஆளுக்குத் தக்க மாறுமாம்.
ஆணா பெண்ணா என்று மட்டும் காட்டாதாம்.

இல்லையா. வேண்டாமா.
மாட்டானா. மாட்டாளா.
கூடாதா. வரவில்லையா.
அவன் அல்ல, வேறு யாரோ, என்பதா.

வாசகர் வட்டம் மடியிலிருந்த நாவலை மூடியது.
அந்த மாதத் தேர்வு அது;
நாற்பதாம் பக்கத்தை எவரும் தாண்டியிருக்கவில்லை.
"கல்யாணம்" என்றாள் மார்லிஸ்.
"கேட்டிருக்கிறாள். இதுதான் பதில்."
"கடன்" என்றது இன்னொரு குரல். "தரமாட்டான்."
முட்டையிலிருந்து டெல்ஃபின் சொன்னார்:
"பிழைக்கவில்லை."

ஹீட்டரின் முனகல் கேட்டது கொஞ்ச நேரம்.

கார்டன்தான் ஆதாரம் கேட்டார்.
சாவை எழுதுகிற இடமா இது,
சோப்புக்கும் நாடாவுக்கும் கீழே?
"வேறெங்கே எழுதுவது" என்றார் டெல்ஃபின்,
"கையில் இருந்த தாள் இது."

எய்தவர் யாரென்று தெரியாது.
அம்பு மட்டும் எத்தனையோ வருடம் பறந்து
ஆமை மெத்தை பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது.
அவளிடம் யாராவது சொன்னார்களா
என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினேன்.
ஒருவரும் நகரவில்லை.
டெல்ஃபினைத் தூக்கிவிட இரண்டுபேர் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கொதிகலனுக்கு உயிர் வந்தது.
வட்டம், வரிசை, இரண்டிரண்டு.
கொட்டகைச் சண்டையும் விட்ட இடத்திலிருந்து.

மார்ச்சில் பதிவேட்டைத் துடைக்க எடுத்தபோது பார்த்தேன்.
'படிக்க இயலாதது' அடிக்கப்பட்டிருந்தது.
படத்தில் உள்ளவர்கள்: ஐவர், பெயர் தெரியவில்லை.
அதற்குக் கீழே, அச்சிட்ட படிவத்தில் இல்லாத ஒரு கட்டம்.
ஸ்கேல் வைக்காமல், கார்டனின் நடுங்கும் கோட்டில்:

படத்தில் இல்லாதவர்: ஹில்யா.