பயிர்ச்சேத விண்ணப்பம்

எத்தனை ஏக்கர் கோதுமை போனது என்று கேட்கிறது தாள்.
கால் ஏக்கர் என்று எழுதுகிறேன்.
அடித்துவிட்டு
கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று எழுதுகிறேன்.
இதற்கு ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது.

சஸ்காச்சுவான் சமவெளியில்
மலை கிடையாது.
மரமென்றால் நான் நட்ட நான்கு பாப்ளர்.
மோதிக்கொள்ள ஒன்றுமில்லாத வானம் என்றுதான்
கடல் தாண்டிய பிள்ளைகளையெல்லாம்
இங்கே அனுப்பினார்கள், பறக்கப் பழக.
தரை என்று ஒன்று இருப்பதை
யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஜூன் மாதம் நான்தான் புகார் எழுதினேன்.
மஞ்சள் விமானம் ஒன்று
தினமும் பத்தரை மணிக்குக்
களஞ்சியக் கூரையை உரசிப் போகிறது,
கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன,
சினைமாடு வேலி தாண்டி ஓடியது,
விமானத்தின் எண் நாற்பத்தேழில் தொடங்குகிறது, மீதி தெரியவில்லை.
ஓட்டுகிறவன் கையசைக்கிறான் என்று எழுதவில்லை.
ஒருமுறை, மாவு ஒட்டிய கையோடு
நானும் அசைத்ததை
எழுதவில்லை.

ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை.
இயந்திரம் இருமியது.
அப்புறம் இருமலும் இல்லை.
அந்த அமைதியில் வெட்டுக்கிளிச் சத்தம் கேட்டது எனக்கு.
வந்த வழியே திரும்பப் பார்த்தான்.
திரும்பாதே, மூக்கு போகும் திசையில் இறங்கு என்பதுதான்
முதல் வாரத்துப் பாடமாம், பிறகு சொன்னார்கள்.
இடது சிறகு கதிரைத் தொட்டது,
முற்றிவிட்டதா என்று நாங்கள் தொட்டுப் பார்ப்போமே,
அப்படி.

வாளியில் தண்ணீரோடு ஓடினேன்.
அரை மைல்.
போய்ச் சேர்ந்தபோது அரை வாளி.

நான்காம் நாள் அதிகாரி வின்ஸ்லேட் வந்தார்,
தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு.
டெஸ்மண்ட் டூஹி. பத்தொன்பது வயது.
நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை.
தனியாகப் பறந்தது மொத்தம் பதினொரு மணி நேரம்.
இந்தக் கோடையில் எத்தனையாவது ஆள் என்று கேட்டேன்.
தாளை நீட்டினார். இங்கே கையெழுத்து.

அன்றைய தபாலில்தான் என் புகாருக்குப் பதில்:
‘சம்பந்தப்பட்ட பயிற்சியாளர் எச்சரிக்கப்பட்டார்.
இனி இவ்வாறு நிகழாது.’
பெயர் போடவில்லை.
ஓடிப்போய் ஜீப்பை நிறுத்திக் கேட்டேன், அவனா?
‘எச்சரிக்கை வாங்காத பையன் எங்களிடம் இல்லை, அம்மா.’

எங்கள் சபை போருக்கு ஆள் தராது.
துப்பாக்கி தொட மாட்டேன் என்ற தம்பி இஸ்பிராந்து
மலைக்காட்டு முகாமில் மரக்கன்று நடுகிறான்.
கடைத்தெருவில் என் காலடியில் துப்பியிருக்கிறார்கள்.
துப்பியவர்களில் இருவர்
கருகிய வட்டத்தைச் சுற்றி அறுவடைக்கு வந்தார்கள்.
பேசவில்லை. காப்பி குடித்தார்கள்.
போரின் பணத்தை வாங்கலாமா என்று
சபையை நான் கேட்கவில்லை.

வேறு சேதம் உண்டா, என்கிறது கடைசி வரி.
வாளி ஒன்று, என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
வாளி நன்றாகத்தான் இருக்கிறது.

கோழிகள் மறுபடி முட்டையிடுகின்றன.
நேற்றுப் பத்தரைக்கு வேறொருவன் போனான்,
விதிப்படி, வெகு உயரத்தில்.
கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து நின்றேன்.
அவ்வளவு உயரத்திலிருந்து
ஆள் நிற்பது தெரியாது.