நடுப்பலகை

ஏரியின் நடுவில் இடது பட்டை கழன்றது.
பெரிய சத்தமில்லை.
ஈரக் கம்பளி கொடியிலிருந்து நழுவியதுபோல்
பின்னால் ஏதோ விழ,
வண்டி ஒருபக்கமாய்ச் சுற்றி
வந்த வழியைப் பார்த்து நின்றது.

ஐம்பத்தொன்றாம் வருடத்துப் பனிவண்டி.
ஒட்டுப்பலகை உடம்பு, கப்பலுக்குப்போல் வட்ட ஜன்னல்கள்,
முன்னே சறுக்குக் கட்டைகள்,
பின்னே இரண்டு ரப்பர் பட்டைகள்.
விவாகரத்துத் தீர்ப்பில் இருக்கிறது:
ஒற்றைப்படை வாரம் எனக்கு,
இரட்டைப்படை வாரம் நோர்மானுக்கு.
பழுதுச் செலவு சரிபாதி.
பழுது பார்ப்பது யார் என்று
நீதிபதி கேட்கவில்லை.

மைனஸ் இருபத்தாறு.
தூண்டில் குடிலிலிருந்து எவரிஸ்ட் எட்டிப் பார்த்தார்.
"இதுக்கு ரெண்டு ஆள் வேணும்" என்றார்,
கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்பது நிமிடத்தில் வந்தான்.
ஜாக்கி, சுத்தியல், கடப்பாரை இரண்டு.
முகமன் மட்டும் கொண்டுவரவில்லை.
"திருப்பத்துல வேகமாப் போனியா?"
"இல்ல."
போனேன்.

ஜாக்கியை வைத்தால் பனி விழுங்குகிறது.
என் இருக்கைக்கு அடியில் ஒரு பலகை கிடந்தது:
விருந்தாளி வந்தால் சாப்பாட்டு மேசையை இழுத்து
இடையில் செருகுவோமே, அது.
மேசை அவனுக்குப் போனது.
பலகை எப்படியோ என் பெட்டிகளோடு வந்துவிட்டது.
பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் பனியில் படுக்கவைத்தான்.

சக்கரங்களுக்கிடையே இறுகிய ஐஸைக் கொத்தி எடுத்தேன்.
இழுப்பு போல்ட்டு அசைவதாயில்லை.
ஃப்ளாஸ்கிலிருந்த காபியை அதன் தலையில் கவிழ்த்தேன்.
அவனுக்கென்று கொண்டுவந்ததல்ல,
ஆனாலும் ஒரு பார்வை பார்த்தான்.

இனி ஒருவர் உள்ளே, கிளட்சில் கால்.
ஒருவர் வெளியே, கடப்பாரையில் தோள்.
உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது.
வெளியே இருப்பவரின் விரல்கள்
அந்தக் காலை நம்பித்தான் இருக்கின்றன.
பன்னிரண்டு குளிர்காலம் நான்தான் உள்ளே.
இன்று சாவியை அவனிடம் நீட்டினேன்.

"அரை அங்குலம்!"
அரை அங்குலம் நகர்ந்தது.
"நிறுத்து!"
நின்றது.
சொன்னவுடன் அவன் நின்று
நான் பார்த்ததில்லை.

குறுக்கிரும்புகள் ஒவ்வொன்றாய்ப் பல்சக்கரத்தில் ஏறின,
பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மாதிரி, மனசில்லாமல்.
ஏழாவது வழுக்க, எல்லாம் மறுபடி வெளியே.
எங்கள் க்யூபெக்கில் வசவென்றால்
தேவாலயச் சாமான்கள்தான்:
திருக்கிண்ணம், நற்கருணைப் பேழை, அப்பம்.
பீடத்தையே காலிசெய்தேன்.
உள்ளிருந்து ஒரு குரல்
நான் விட்டுப்போன ஒன்றை எடுத்துக்கொடுத்தது.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை.
கண்ணிமையில் பனி ஒட்டி
ஒரு கண்ணால்தான் பார்த்தேன்
கடைசி இரும்பு "டக்" கென்று உட்கார்ந்ததை.

இருட்டுகிறது. ஜாக்கியை இறக்கினோம்.
பலகையில் வட்டமாய் ஒரு குழி,
அதில் கொஞ்சம் எண்ணெய்.
கையுறையால் துடைத்தான், போகவில்லை.
தன் வண்டிக்குக் கொண்டுபோவான் என்று நினைத்தேன்.

"இது இதுலயே இருக்கட்டும்" என்று
இருக்கைக்கு அடியில் தள்ளினான்.

வரும் வாரம் இரட்டைப்படை.