கடைசி முழம்

பாம்பன் பாலம் ஏறும்போது
நூற்றில் ஒன்று போகும்.
இறங்கும்போது கால் திரும்பி வரும்.
முக்கால் கச்சானுக்கும் ரோட்டுக்கும்.
காற்று சும்மாவா வழிவிடும்?

தவணை நோட்டின் பின்பக்கத்தில்
இந்தக் கணக்கை எழுதி வைப்பேன்.
டீசல் வண்டி ஓட்டிய எட்டு வருஷத்தில்
எந்த இறக்கமும் எனக்கு
ஒரு பைசா திருப்பித் தந்ததில்லை.

மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும்,
ஓட்டிய மோட்டாரே
ஓடுகிற சக்கரத்தைப் பின்னால் இழுக்கும்,
சந்தனக்கூடு கூட்டத்தில்
பிள்ளையின் சட்டையைப் பிடிப்பது மாதிரி.
இழுத்த இழுப்பு மின்சாரமாகி
ஸீட்டுக்கடியில் போய்ச் சேரும்.
பிரேக்கை லேசாகத் தொட்டாலும்
முதலில் வருவது மோட்டார்தான்,
போதாததற்குத்தான் இரும்பு.
ஒன்று எங்கே விட்டு மற்றது எங்கே தொட்டதென்று
என் பாதத்துக்குத் தெரியாது.
தெரியவிடாமல் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டி இறங்கிவிட்டால்
மோட்டாருக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது.
நிற்பதற்கு முந்தைய கடைசி முழம்
எப்போதும் இரும்புடையது.

மண்டபத்தில் சீனி நைனா
சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான்.
தட்டு முழுக்கத் துரு,
மீன் துண்டத்தில் மிளகாய்ப்பொடி தடவினாற்போல.
"தேயவே இல்லையேன்னு சந்தோஷப்படாத, பரக்கத்து.
வேலையில்லாம கெடந்து துருப்பிடிச்சிருக்கு.
நம்ம காத்துல உப்பு.
அப்பப்ப நல்லா அழுத்திப் பிடி."
சரி சரி என்றேன்.
திரும்பி வருவதில் ருசி கண்டவளுக்கு
தேய்ப்பது வீண்செலவாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை.
தெற்குவாடி லூர்து ரோஸ்லின், ஏழு மாசம்,
ராமநாதபுரத்தில் ஸ்கேன்.
இரவெல்லாம் ஏற்றி, திரையில் நூறு.
பாலத்து உச்சிக்கு வந்தபோது தொண்ணூற்றொன்பது.
வழக்கம்போல் வண்டிகளை ஓரங்கட்டி
ரயில் பாலத்தைப் படமெடுக்கும் கூட்டம்.
அதில் ஒருவர்
போனைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து
ரோட்டுக்குள் வந்தார்.
பாலம் முழுசும் அடங்கவில்லை போலிருக்கிறது.

காலை எடுத்தேன்.
வண்டி பிடிக்கவில்லை.

பாடு நிறைந்த வள்ளத்தில்
இன்னொரு கூடை ஏறாது.
உள்ளே இடமில்லையென்றால்
மோட்டார் கையை விரித்துவிடும்.
அந்த அரை நொடியை
நான் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

மிதித்தேன்.
துரு கத்தியது, கடல் காகமெல்லாம்
கைப்பிடிச் சுவரைவிட்டு எழும்பும்படி.
கட்டை தட்டைக் கவ்வி, நடுங்கி,
விட்டு, மறுபடி கவ்வி
நின்றது.
அவர் முதுகுக்கும் என் நம்பர் பிளேட்டுக்கும் நடுவே
ஒரு முழம்.
அவர் திரும்பி "ஸாரி" என்றார்.
பிறகு இன்னொரு படம் எடுத்தார்.

வயிற்றில் கைவைத்தபடி ரோஸ்லின்:
"பரக்கத்தக்கா, கருகுற வாசம்."

ஆமாம்.
மண்டபம்வரை போயிருக்க வேண்டிய வேகம்
சூடாகிக் கடல்மேல் போய்க்கொண்டிருந்தது.
அதில் கால் காசு திரும்பாது.
என் முழங்கால் ஆட்டம்
உச்சிப்புளி தாண்டியும் அடங்கவில்லை.

இப்போதெல்லாம் தொண்ணூறிலேயே
வயரைப் பிடுங்கிவிடுகிறேன்.
பத்து காலியாகக் கிடக்கட்டும்.
சாயங்காலம் அரிச்சல்முனை ரோட்டில்
இரண்டு பக்கமும் கடல், முன்னால் யாருமில்லை,
கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு
நியூட்ரலில் தள்ளி
ஓங்கி ஒரு மிதி.

நேற்று சேலத்துக்காரர் ஒருவர்,
"பிடிச்சுக்குங்க சார்" என்று சொல்லியும்
சுண்டல் பொட்டலத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.
"நாய் கீய் குறுக்க வந்துச்சாம்மா?"

"இல்ல சார்.
இரும்புக்கு வேல."